மெயின் பேனல் சும்மா சும்மா விழுகிறதா? செட்டிங்கை ஏற்றுவதா, நியூட்ரலைத் தேடுவதா

சாயங்காலம் ஏழு மணி. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளையும் பொண்ணும் மேடையேறிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, மொத்த மண்டபமும் இருண்டுவிட்டது. மேனேஜர் எனக்குப் போன் போட்டார். "அண்ணா, மறுபடியும் விழுந்துருச்சுங்க. டெக்கரேசன்காரங்க வெளியில சீரியல் செட்டு கட்டியிருக்காங்க, அதுதானுங்களா?"

அதுவாக இருக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அடுத்த வாரம் விசேஷமே இல்லாத ஒரு நாள். எல்லா டி.பி.யிலும் (கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி) எம்.சி.பி.க்கள் (சர்க்யூட்டுக்கு ஒன்றாக இருக்கிற சின்ன பிரேக்கர்) கீழே, வாட்ச்மேன் லைட் ஒன்றுதான் எரிகிறது. அன்றும் அதே ஏழு மணிக்கு மெயின் விழுந்தது. லோடே இல்லாத பேனல் எதற்காக ட்ரிப் ஆகவேண்டும்?

அங்கே இருந்த ஏற்பாடு நம் ஊரில் எல்.டி. சர்வீஸ் (தெரு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து நேராக வருகிற குறைந்த வோல்ட் இணைப்பு) எடுத்த மண்டபம், ஜவுளிக்கடை, சின்ன ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் பார்ப்பதுதான். 250 ஆம்பியர் எம்.சி.சி.பி. (பெரிய பிரேக்கர்) ஒன்று இன்கமர், அதாவது கரண்ட் உள்ளே வருகிற மெயின். அதற்குள் ஷண்ட் ட்ரிப் காயில், சிக்னல் வந்தால் பிரேக்கரை விழ வைப்பது. பேனல் கதவில் ஈ.எல்.ஆர்., எர்த் லீக்கேஜைப் பார்த்து அந்த சிக்னலைக் கொடுக்கிற ரிலே. மூன்று ஃபேஸும் நியூட்ரலும் சேர்ந்து நுழைந்து போகிற சி.பி.சி.டி. வளையம், அதுதான் ரிலேயின் கண். ரிலேயில் 300 மில்லி ஆம்பியர் வைத்திருந்தார்கள். டிலே, அதாவது விழுவதற்கு முன் காத்திருக்கும் நேரம், பூஜ்யம்.

ஓனரிடம் அதற்குள் மூன்று யோசனைகள் வந்து சேர்ந்திருந்தன. ஷண்ட் ட்ரிப்புக்குப் போகிற கம்பியைக் கழற்றிவிடலாம் என்றார் ஊர் வயர்மேன். பேனல் செய்து கொடுத்தவர், ரிலேயை ஒரு ஆம்பியருக்கு ஏற்றச் சொன்னார். கடைக்காரர் நல்ல கம்பெனி ரிலே ஒன்று வாங்கிப் போடச் சொன்னார். ஓனர் என்னிடம் கேட்டது நேரான கேள்வி: "ஆவணி முகூர்த்தம் வருதுங்க. எதுக்குத்தான் காசு போடறது?"

முதல் யோசனையை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் பல இடங்களில் நடந்துகொண்டிருப்பது இதுதான். பேனலைத் திறந்தால் ஷண்ட் ட்ரிப் கம்பி டேப் சுற்றித் தொங்கும். "எம்.சி.சி.பி.தான் இருக்கே, ஷார்ட் ஆனா அது விழும்" என்பார்கள். ஃபேஸும் நியூட்ரலும் ஷார்ட் ஆனால் விழும். ஃபேஸ் எர்த்தில் பட்டால் விழாது. எல்.டி. சர்வீஸில் டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் அங்கே ஒரு குழியில் எர்த் ஆகிறது, நம் பாடி எர்த் நம் காம்பவுண்டுக்குள் வேறொரு குழியில். இரண்டுக்கும் நடுவில் இருப்பது மண். இரு குழிகளும் சேர்ந்து 10 ஓம் என்று வையுங்கள். கிரைண்டர் பாடியில் ஃபேஸ் பட்டால் ஓடுவது 230 வகுத்தல் 10, அதாவது 23 ஆம்பியர். இதற்கு 32 ஆம்பியர் எம்.சி.பி.யே அசையாது, 250 ஆம்பியர் இன்கமரைச் சொல்லவே வேண்டாம். பாடியில் நூறு வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டே இருக்கும், ஈரத் தரையில் சமையல்காரர் நின்றுகொண்டே இருப்பார். அந்த இடத்தில் வேலை செய்யக்கூடிய ஒரே ஆள் ஈ.எல்.ஆர்.தான். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளும் எர்த் லீக்கேஜ் பாதுகாப்பைக் கட்டாயம் என்கின்றன. நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் முதலில் பார்ப்பது அந்த டேப் சுற்றிய கம்பியைத்தான்.

மீதி யோசனைகளை எடை போடுவதற்கு முன் ரிலே என்ன பார்க்கிறது என்பது தெரிய வேண்டும். அது ஒரு கணக்குப்பிள்ளை மாதிரி. வளையத்துக்குள்ளே போன கரண்ட் எல்லாம் வளையத்துக்குள்ளேயே திரும்பி வந்ததா? வந்திருந்தால் கூட்டல் பூஜ்யம். குறைந்தால் அது வேறு வழியில் போயிருக்கிறது. வேறு வழியில் போவதில் இரண்டு வகை உண்டு. எந்த முடிவு சரி என்பது இந்த இரண்டில் எது என்பதைப் பொறுத்தது.

ஒரு வகை, கசிவு. எல்.இ.டி. டிரைவர், கம்ப்யூட்டர், இன்வெர்டர் ஏ.சி. எல்லாவற்றுக்குள்ளும் ஃபேஸிலிருந்து எர்த்துக்குச் சின்னச் சின்ன ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. ஒன்றொன்றும் அரை மில்லி ஆம்பியர், ஒரு மில்லி ஆம்பியர் என்று எர்த்தில் விட்டுக்கொண்டே இருக்கும். தனியாக யாருக்கும் தொந்தரவு இல்லை, கூடினால்தான் கணக்கு. இதில் வேடிக்கை ஒன்று உண்டு. மூன்று ஃபேஸிலும் சமமாக இருந்தால் இந்தக் கசிவுகள் ஒன்றையொன்று பெரும்பாலும் அடித்துக்கொண்டு போகும். ஒரு ஃபேஸ் லோடை அணைத்தால் சமநிலை கெட்டு ரிலே பார்க்கும் எண் ஏறும். "அணைச்சாத்தான் ட்ரிப் ஆகுது, போட்டா ஆகறதில்ல" என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், அவர் பார்த்தது சரி.

இன்னொரு வகை, நியூட்ரல் வழி தவறிப் போவது. ரிலேயைத் தாண்டிய பிறகு எங்கோ ஓரிடத்தில் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்துவிட்டால், திரும்பி வரவேண்டிய கரண்டில் ஒரு பங்கு மண் வழியாகப் போய்விடும். எவ்வளவு பங்கு? அதற்கு எல்லையே கிடையாது. லோடு எவ்வளவு சமமில்லாமல் இருக்கிறதோ அவ்வளவு. நம் லோடே இல்லாவிட்டாலும் தப்பிக்க முடியாது. தெருவில் மற்ற வீடுகளின் லோடால் ஈ.பி. நியூட்ரல் மண்ணைவிட 3 வோல்ட் உயர்ந்து நிற்கிறது என்று வையுங்கள். அது நம் சர்வீஸ் நியூட்ரல் வழியாக உள்ளே வந்து, அந்த ஜாயிண்டில் இறங்கி, நம் எர்த் குழி வழியாக மண்ணுக்குப் போகும். வழியில் மொத்தம் 6 ஓம் என்றால் அரை ஆம்பியர். 300 மில்லி ஆம்பியர் ரிலேக்கு இது போதும். ஏழு மணிக்கு ஊர் முழுக்க விளக்கு போடுகிறார்கள், பூட்டிக் கிடக்கிற மண்டபத்தில் மெயின் விழுகிறது.

கசிவுக்கு ஓர் உச்சம் உண்டு, அதனால் செட்டிங்கால் அதைச் சமாளிக்கலாம். வழி தவறிய நியூட்ரலுக்கு உச்சம் இல்லை. இன்றைக்கு 400 மில்லி ஆம்பியர், முகூர்த்தத்தன்று 2 ஆம்பியர். ஏற்றிக்கொண்டே போக வேண்டியதுதான்.

எது என்று கண்டுபிடிக்க லீக்கேஜ் க்ளாம்ப் மீட்டர் வேண்டும். மில்லி ஆம்பியர் காட்டுகிற வகை, சாதாரண க்ளாம்ப் இதற்கு உதவாது. மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து ஒரே பிடியாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். மண்டபத்தில் நான் பிடித்தபோது, இரவு பத்து மணிக்கு, லோடு ஏதும் இல்லாமல் 180 மில்லி ஆம்பியர். மறுநாள் மாலை ஏழுக்கு 420. கசிவு மட்டும்தான் என்றால் லோடில்லாதபோது கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்க வேண்டும். மணியைப் பார்த்து ஏறி இறங்குகிற கசிவு கிடையாது.

இப்போது பேனல்காரரின் யோசனைக்கு வருகிறேன். செட்டிங்கை ஏற்றுவது பாவமில்லை. எர்த் குழி 5 ஓம் என்றால், ரிலேயை ஒரு ஆம்பியரில் வைத்தாலும் ட்ரிப் ஆகாமல் பாடியில் நிற்கக்கூடிய வோல்டேஜ் ஐந்து வோல்ட்தான், தாங்கக்கூடிய 50 வோல்ட்டுக்கு ரொம்பக் கீழே. சித்திரை வெயிலில் குழி காய்ந்து ஓம் ஏறினாலும் இடம் இருக்கிறது. ஆனால் 300 மில்லி ஆம்பியர் என்ற எண் தீ விபத்தை மனதில் வைத்து வந்த எண். 230 வோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் என்றால் ஏறக்குறைய 70 வாட். ஒரு புள்ளியில் தொடர்ந்து 70 வாட் சூடு இருந்தால் என்ன ஆகும் என்பது துணிப் பந்தல் போட்ட மண்டபத்துக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே கீழே வேறு பாதுகாப்பு எதுவும் இல்லாமல் மெயினில் மட்டும் ஒரு ஆம்பியருக்கு ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கையால் ஃபேஸைத் தொட்டவரைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியரோ அதற்குக் கீழோ வேண்டும். 300க்கும் ஒரு ஆம்பியருக்கும் அந்த விஷயத்தில் வித்தியாசமே இல்லை, இரண்டும் காப்பாற்றாது.

மில்லி ஆம்பியர் திருகைத் தொடுவதற்கு முன் டிலே திருகைத் தொடுங்கள் என்பதுதான் என் பழக்கம். பூஜ்ய டிலேயில் இருக்கிற ரிலே மின்னல் அடித்து சர்ஜ் அரஸ்டர் (திடீரென்று ஏறும் வோல்டேஜை எர்த்தில் இறக்குகிற கருவி) எர்த்தில் விட்டாலும் விழும், கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும் கணத்திலும் விழலாம். இரண்டும் கண்மூடித் திறப்பதற்குள் முடிகிற சமாச்சாரம். 0.3 நொடி டிலே கொடுத்தாலே பாதிப் புகார் போய்விடும். மெயின் ஃபீடரில் (டி.பி.க்களுக்குக் கரண்ட் கொண்டுபோகிற பெரிய லைன்) ஒரு நொடி வரைக்கும் ஏற்கக்கூடியதுதான். செலவு ஒரு ஸ்க்ரூ டிரைவர். ஆனால் இந்த மண்டபத்தின் நோய்க்கு அது மருந்தல்ல. 420 மில்லி ஆம்பியர் மணிக்கணக்கில் நிற்கிறது.

ரிலேயை மாற்றலாம் என்ற கடைக்காரர் யோசனையில் பாதி உண்மை. நல்ல ரிலே எண்ணைத் திரையில் காட்டும், ஹார்மோனிக்ஸை (எலக்ட்ரானிக் லோடு கலந்துவிடுகிற அலைகளை) வடிகட்டும், ட்ரிப் ஆனபோது எவ்வளவு இருந்தது என்று நினைவில் வைக்கும். அந்தத் திரைக்காகவே வாங்கலாம் என்பேன். ஆனால் கெட்ட செய்தி கொண்டுவந்தவனை மாற்றினால் செய்தி மாறாது. பழைய ரிலே கெட்டிருக்கிறதா என்று பார்க்கப் புது ரிலே தேவையில்லை, ஒரு குண்டு பல்பு போதும். இன்கமரை ஆஃப் செய்து, ரிலேக்கு மட்டும் தனி சப்ளை கொடுத்து, 100 வாட் பல்புக்குப் போகிற ஒரு கம்பியை மட்டும் வளையத்துக்குள் விடுங்கள். 0.43 ஆம்பியர் ஓடும். 300இல் வைத்த ரிலே விழுந்தே ஆக வேண்டும். 60 வாட் பல்பு 0.26 ஆம்பியர், அதற்கு விழலாம், விழாமலும் போகலாம். குறித்த எண்ணில் பாதி வரை விழக்கூடாது, முழு எண்ணில் விழ வேண்டும், நடுவில் அதன் இஷ்டம் என்பதுதான் ஸ்டாண்டர்ட். 300 என்று எழுதியிருந்தாலும் நிம்மதியாக இருக்கக்கூடிய எல்லை 150தான். இதைத் தெரியாமல் "இருநூறுக்கே விழுதுங்க, ரிலே டூப்ளிகேட்" என்று திட்டுபவர்கள் நிறையப் பேர்.

ரிலேயைச் சந்தேகிப்பதைவிட வளையத்தைச் சந்தேகிப்பது மேல். கேபிள் வளையத்தின் நடுவில் இருக்க வேண்டும். ஓரமாக ஒட்டியிருந்தாலோ வளையத்தை ஒட்டியே கேபிள் வளைந்தாலோ பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இல்லாத லீக்கேஜ் இருப்பதுபோல் காட்டும். எர்த் கம்பி வளையத்துக்குள் போகக்கூடாது. ஆர்மர்டு கேபிளை (மேலே உலோகக் கவசம் உள்ளது) அப்படியே நுழைத்திருந்தால் ஆர்மரின் எர்த்தை வளையம் வழியாகத் திரும்பக் கொண்டுவந்துதான் கட்ட வேண்டும். இந்த மண்டபத்தில் வளையம் சரியாகவே இருந்தது.

ஆகவே நியூட்ரலைத் தேடும் வேலை. இதில் எல்லோரும் செய்கிற தப்பு, எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஆஃப் செய்து பார்ப்பது. எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரல் லிங்கில் (நியூட்ரல் கம்பிகள் எல்லாம் சேர்கிற பட்டை) நியூட்ரல் அப்படியே இருக்கிறது, எர்த்தோடு சேர்ந்த ஜாயிண்டும் அப்படியே இருக்கிறது. எம்.சி.பி.க்கள் எல்லாம் கீழே கிடக்க மெயின் விழுவதற்குக் காரணம் இதுவே. மெயினை ஆஃப் செய்து பூட்டிவிட்டு, ஒவ்வொரு டி.பி.யின் நியூட்ரலையும் கழற்றி, அதற்கும் எர்த்துக்கும் நடுவே மெகர் (இன்சுலேஷனின் ஓம் பார்க்கிற மீட்டர்) போட வேண்டும். குறைந்தது ஒரு மெகா ஓம் இருக்க வேண்டும். எல்.இ.டி. டிரைவர், சர்ஜ் அரஸ்டர் உள்ள இடங்களில் அவற்றைக் கழற்றிவிடுங்கள், முடியாவிட்டால் 500 வோல்ட்டுக்குப் பதில் 250இல் பாருங்கள்.

அரை நாள் வேலை. மண்டபத்தில் ஏழு டி.பி. சமையற்கட்டு டி.பி.யில் மெகர் முள் பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. நியூட்ரல் லிங்கிலிருந்து ஒவ்வொரு கம்பியாக எடுத்ததில் ஏழாவது கம்பி கிரைண்டர் ப்ளக்குக்குப் போனது. அந்த 16 ஆம்பியர் சாக்கெட்டைத் திறந்தால், நியூட்ரல் டெர்மினலிலிருந்து எர்த் பின்னுக்கு ஒரு சாண் நீளச் சிவப்பு வயர். எப்போதோ ஒருவர், அங்கே எர்த் கம்பி இல்லை என்று, நியூட்ரலிலிருந்து லூப் அடித்திருக்கிறார். பிறகு வேறொருவர் வந்து முறையாகப் பச்சை எர்த் வயர் இழுத்து அதே பின்னில் கட்டியிருக்கிறார், பழைய லூப்பை எடுக்காமல். இரண்டு பேரும் நல்லது நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள். முதல் லூப் மட்டும் இருந்தபோது, ஒருநாள் நியூட்ரல் விட்டிருந்தால் கிரைண்டர் பாடி முழுக்க 230 வோல்ட் நின்றிருக்கும். இரண்டாவது ஆள் வந்ததால் அது மெயின் ட்ரிப்பாக மாறியது. ட்ரிப் ஆனதே நல்லது என்று ஓனரிடம் சொன்னேன், அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை.

சிவப்பு வயரை வெட்டிய பிறகு ஏழு மணிக்கு லோடில்லாமல் 4 மில்லி ஆம்பியர்.

ஜெனரேட்டர் இருக்கிற இடத்தில் இன்னொரு சந்தேகம் உண்டு. சேஞ்ச் ஓவர் (ஈ.பி.யிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற ஸ்விட்ச்) ஃபேஸ்களை மட்டும் மாற்றுகிற 3 போல் என்றால் ஈ.பி. நியூட்ரலும் டி.ஜி. (ஜெனரேட்டர்) நியூட்ரலும் எப்போதும் சேர்ந்தே இருக்கும். டி.ஜி. நியூட்ரலைக் குழியில் எர்த் செய்திருப்பார்கள். ஈ.பி.யில் ஓடும்போதும் அந்த எர்த் பின்னால் ஒட்டிக்கொண்டே இருக்கிறது, சாக்கெட்டில் கண்ட சிவப்பு வயரின் பெரிய அண்ணன். இதற்குச் சரியான வைத்தியம் நியூட்ரலையும் சேர்த்து மாற்றுகிற 4 போல் சேஞ்ச் ஓவர். டி.ஜி. எர்த்தைக் கழற்றிவிடுவது வைத்தியமல்ல, டி.ஜி. ஓடும்போது ஈ.பி. நியூட்ரல் விட்டுப்போனால் ஈ.எல்.ஆர். குருடாகிவிடும். இங்கே ஏற்கனவே 4 போல் இருந்தது, தப்பித்தோம்.

மால், பெரிய ஹோட்டல் போன்ற இடங்களில் ஏ.சி.பி. (இன்னும் பெரிய பிரேக்கர்) இருக்கும். அதை விழ வைக்கிற எலக்ட்ரானிக் ரிலீஸ், உள்ளே இருக்கிற சி.டி.க்களின் (கரண்டை அளக்கிற வளையங்கள்) கூட்டலிலிருந்து எர்த் ஃபால்ட்டைக் கணக்கிடுகிறது. நியூட்ரலுக்கென்று வெளியே தனியாகப் போடவேண்டிய சி.டி.யை விட்டிருந்தாலோ தலைகீழாக மாட்டியிருந்தாலோ, சமமில்லாத லோடையெல்லாம் ஃபால்ட் என்று எண்ணிக்கொள்ளும். புதுக் கட்டடத்தில் லோடு ஏற ஏற ட்ரிப் ஆனால் முதலில் அங்கே பாருங்கள். அமெரிக்க வீடியோக்களில் 1200 ஆம்பியர் எர்த் ஃபால்ட் செட்டிங் என்று வரும். அது 480 வோல்ட்டில், ஆயிரம் ஆம்பியரும் அதற்கு மேலும் உள்ள மெயினில், பேனல் எரிந்துபோகாமல் இருக்க வைப்பது. நம் ஈ.எல்.ஆர். கணக்கோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சிவப்பு வயர் போனதோடு வேலை முடிந்தது என்று மேனேஜர் நினைத்தார். அடுத்த விசேஷத்தில், எல்லா ஏ.சி.யும் ஓட, 65 மில்லி ஆம்பியர் காட்டியது. சாப்பாட்டு ஹால் ஏ.சி.யை மட்டும் அணைத்ததும் 110. இதெல்லாம் உண்மையான கசிவு, யாருடைய தப்பும் இல்லை. ஆனால் நிரந்தரக் கசிவு ரிலே எண்ணில் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு, 300க்கு அது 90. இதன் மேல் டெக்கரேசன்காரர் எல்.இ.டி. சுவரைக் கொண்டுவந்து நிறுத்தி, ஐப்பசி மழையில் சீரியல் செட்டு ஜாயிண்ட் நனைந்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே.

ஆக, ஓனர் காசு போட வேண்டியது பாதுகாப்பைப் பிரித்துக் கீழே இறக்குவதில். மெயினில் இருக்கிற ஒரே ரிலேயிடம் ஆளையும் காப்பாற்று, தீயையும் தடு, விசேஷத்தையும் நிறுத்தாதே என்று மூன்று வேலையைக் கொடுத்தால் மூன்றுமே சரியாக நடக்காது. மெயினில் ஒரு ஆம்பியர், 0.5 நொடி. ஃபீடர்களில் 300 மில்லி ஆம்பியர், 0.2 நொடி. சாக்கெட், சமையற்கட்டு, வெளி விளக்கு சர்க்யூட்டுகளில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (லீக்கேஜுக்குத் தானே விழுகிற ஸ்விட்ச்), டிலே இல்லாதது. மேலே இருப்பது கீழே இருப்பதைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும், டிலேயும் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றாக விழும். இப்போதுதான் பேனல்காரர் சொன்ன ஒரு ஆம்பியர் சரியான எண்ணாகிறது. எண் அதேதான், கீழே ஆள் நிற்கிறார் என்பதுதான் வித்தியாசம்.

ஆர்.சி.சி.பி. வாங்கும்போது ஏ.சி. டைப் வேண்டாம், ஏ டைப் கேளுங்கள். எலக்ட்ரானிக்ஸ் நிறைந்த லோடில் வருகிற பல்ஸ் மாதிரி டி.சி. லீக்கேஜை ஏ.சி. டைப் சரியாகப் பார்க்காது. மூன்று ஃபேஸ் வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றுகிற கருவி) இருந்தால் பி டைப் தேவைப்படலாம், விலை கையைச் சுடும். இன்னொன்று, ஒரு ஆர்.சி.சி.பி.யின் கீழ் வருகிற சர்க்யூட்டுகளின் நியூட்ரல் எல்லாம் அதே ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் திரும்ப வேண்டும். பழைய டி.பி.யில் ஒரே நியூட்ரல் லிங்கில் எல்லாம் கலந்து கிடக்கும், அதைப் பிரிக்காமல் மாட்டினால் முதல் ஸ்விட்ச் போட்டதுமே விழும். அப்புறம் இதற்கும் என்னைத்தான் திட்டுவார்கள்.

ஓனர் எல்லாவற்றையும் ஒரே தடவையில் செய்யவில்லை. ஆவணிக்கு முன் சமையற்கட்டு டி.பி.யை மாற்றினார். வெளியே போர்டிகோ ஓரம் டெக்கரேசன்காரர்களுக்கென்று தனி டி.பி. வைத்தார். ஒன்றொன்றும் 30 மில்லி ஆம்பியரில் நாலு சாக்கெட், கதவில் பெயிண்டில் "வெளி லைட் இங்கே மட்டும்". இந்த இரண்டுக்கும் மட்டுமாவது ஆள் நிற்கிறார் என்பதால் மெயின் ரிலேயை 500க்கு ஏற்றி 0.5 நொடி கொடுத்தோம். மாடி ஃபீடர்கள் தை கழித்து.

ஆவணியில் ஒரு ராத்திரி நல்ல மழை. மேனேஜர் போன் பண்ணினார். "அண்ணா, வாசல் ஆர்ச் லைட்டு மட்டும் போயிருச்சுங்க." ஹாலில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது. "டெக்கரேசன்காரரைக் கூப்பிட்டு நனைஞ்ச ஜாயிண்டைப் பாக்கச் சொல்லுங்க, நான் வரவேண்டியதில்ல" என்றேன்.